பின்வரிசைப் பாட்டு

போன ஞாயிறு மாலை எங்கள் கோயிலில் வாலிபப் பிள்ளைகள் நாலு குரலில் கிறிஸ்மஸ் பாட்டுகள் பாடினார்கள். கோயில் என்று நான் சொல்வது தேவாலயத்தைத்தான். எங்கள் சபையில் பிறந்தவர்களுக்கு அது கோயில், போதகர் ஐயர். வேறு பெயர் வாயில் வராது. பாட்டு நடக்கும்போது நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் இருந்த பெண், வயதானால் கண்ணில் நீர் வடியும், சொட்டு மருந்து இருக்கிறது, ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்றாள். ஆயுசு முழுக்க நர்ஸாக இருந்தவளிடம் இதைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். அவளுக்கு விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. நீங்கள் என் வயதுக்காரர்கள் என்றால் சொன்னவுடன் பிடித்துக்கொள்வீர்கள்.

உங்கள் சபையிலும் ஒருவர் இருந்திருப்பார். எல்லோரும் ஒரு பாட்டைப் பாட, அவர் மட்டும் வேறு எங்கேயோ போய்க்கொண்டிருப்பார். முன்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். பெரியவர்கள் இருமுவார்கள். எங்கள் ஊரில் அந்த ஆள் என் அப்பா.

எங்கள் ஊர் தரங்கம்பாடியிலிருந்து மேற்கே, வயலுக்கு நடுவில் இருந்தது. அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர். ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிற இடத்தில் ஒரு மதகு. அதன் ஷட்டரை ஏற்றுவதும் இறக்குவதும் அவர் வேலை. தலைமுறை தலைமுறையாகப் பிறத்தியார் வயலில் இறங்கிய தெருவில் முதல் அரசாங்க உத்தியோகம் அதுதான். காக்கிச் சட்டையைக் கஞ்சி போட்டு மடித்து வைத்துக்கொள்வார். அடக்கம் என்பது அவரிடம் மருந்துக்கும் கிடையாது. ஆற்றுக்கு அந்தக் கரையில் நிற்கிறவனோடு இந்தக் கரையிலிருந்து பேசிப் பழகியவர் என்பதால், வீட்டில் உப்பு கேட்டாலும் தெருவுக்கே கேட்கும்.

அம்மா நேர்மாறு. பேச்சில் சத்தமே வராது. ஆனால் பாட்டென்று வந்தால் அவள்தான் எங்கள் கோயிலுக்கு எல்லாம். எங்களிடம் ஒரு ஆர்மோனியம் இருந்தது. அதன் துருத்தியை எலி கடித்து, அது மூச்சு விடுவதை நிறுத்தி வெகு காலம் ஆகியிருந்தது. ஐயருக்கு உதவியாக இருந்த உபதேசியார் அதன்மேல் காணிக்கைத் தட்டை வைத்துக்கொண்டார். ஆகவே ஐயர் பாட்டின் எண்ணைச் சொன்னதும் அம்மாதான் எடுத்துக் கொடுக்கவேண்டும். பாயில் பெண்கள் வலது பக்கம், ஆண்கள் இடது பக்கம். அம்மா வாயைத் திறந்தால் ஓட்டுக்கூரைக்குக் கீழே ஒரு வெளிச்சம் போட்டதுபோல இருக்கும். இதை மகள் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்தச் சபையில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள்.

மற்ற பாட்டுகளில் அப்பா பெரும்பாலும் கை கட்டிக்கொண்டு நிற்பார். கிறிஸ்மஸ் காலத்தில் ஒரு பாட்டு வரும். ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் அந்தக் காலத்திலேயே தமிழில் ஆக்கிவைத்த ஞானப்பாட்டு. மெதுவாகப் போகும். அது வந்தால் அப்பாவைப் பிடித்து நிறுத்த முடியாது. அம்மா எடுத்துக் கொடுப்பதற்குள் அவர் தொடங்கிவிடுவார். அவர் எடுத்த சுருதி ஒன்று, அம்மா எடுக்கிற சுருதி இன்னொன்று. ராகமும் ஒன்றில்லை. எல்லோரும் மேலே ஏறுகிற இடத்தில் அவர் படிப்படியாகக் கீழே இறங்கிப் போவார். எல்லோரும் இழுத்து நிறுத்துகிற இடத்தில் அவர் மட்டும் நாலு எட்டு நடந்துவிட்டு வருவார். அவரை அமுக்குவதற்காக அம்மா குரலை ஏற்றுவாள். அவர் விடுவாரா? அவரும் ஏற்றுவார். பாட்டு முடியும்போது கோயில் பாதி சிரிப்பில் இருக்கும்.

வெளியே வந்ததும் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அப்பா அசையமாட்டார். தான் சின்ன வயதில் தரங்கம்பாடி போர்டிங்கில் படித்தவர், பாட்டுக்குழுவில் நின்றவர், முறையாகக் கற்றுக்கொண்டவர், இந்த ஊர்ச் சனங்கள்தான் பாட்டைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள் என்பார். போர்டிங்கில் அவர் இருந்தது ஒரு வருடம்கூட முழுதாக இல்லை. அதை யாராவது ஞாபகப்படுத்தினால் கோபம் வரும்.

எனக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை. அப்பா பாடுவது வேறு பாட்டு என்றே நான் நினைத்திருந்தேன். அது என் தம்பியைத் தூங்கவைக்கிற பாட்டு. கைக்குழந்தையிலிருந்து அவனைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பா அதைத்தான் பாடுவார். அடி வயிற்றிலிருந்து வருகிற குரல். அவர் முதுகில் காதை வைத்தால் சட்டைக்குள் அது அதிர்வது தெரியும். ரெண்டாவது அடி முடிவதற்குள் தம்பி கண்ணை மூடிவிடுவான். மதகிலும் அதைத்தான் பாடுவார். ஷட்டருக்குக் கீழே தண்ணீர் போடுகிற இரைச்சலில் அது யாருக்கும் தொந்தரவில்லை. சாப்பாடு எடுத்துக்கொண்டு போகும்போது நானும் கூடச் சேர்ந்து பாடியிருக்கிறேன். அம்மா பாட்டு ஒன்று, அப்பா பாட்டு ஒன்று, எனக்கு இரண்டும் மனப்பாடம்.

நான் சொல்லவந்த வருடம் கார்த்திகை மழை விடவே இல்லை. சம்பா தொண்டைக்கதிர் தள்ளி, கதிர் வெளியே வரக் காத்து நின்ற நேரம். வயலில் தண்ணீர் நின்றால் போயிற்று. வடிய விடு என்று ஒரு கூட்டம், எங்கள் பக்கம் விடாதே என்று இன்னொரு கூட்டம் மதகில் வந்து நிற்கும். அப்பா மழைக்குச் சாக்கை மடித்துத் தலைக்குமேல் கொங்காணி போட்டுக்கொண்டு எல்லோருக்கும் மேலே கத்துவார். வீட்டில் துணி எதுவும் காயாது. நட்சத்திரம் கட்டுவதற்குச் சீவிவைத்த மூங்கில் சிம்புகூட ஈரத்தில் கறுத்துப்போயிருந்தது.

அப்போதுதான் புது ஐயர் வந்து சில மாதம் ஆகியிருந்தது. நல்ல மனிதர், இளைஞர், எல்லாவற்றையும் சரிசெய்துவிட வேண்டும் என்கிற வேகம். ஒரு சாயங்காலம் சைக்கிளைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். அம்மா காப்பி கொடுத்தாள். ஜெர்மனியிலிருந்து பெரிய பாட்டுக்குழு ஒன்று தரங்கம்பாடிக்கு வருகிறது, கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் அங்கே கோயிலில் கச்சேரி, நம் சபைக்கும் இடம் கேட்டு வாங்கியிருக்கிறேன் என்றார். அதோடு, அவர்களில் சிலர் கிறிஸ்மஸ் விடியற்காலை ஆராதனைக்கு நம் ஊருக்கே வருகிறார்கள் என்றார். அம்மாவுக்கு முகமெல்லாம் பல். ஐயர் காப்பியை முடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் நீங்க மனசுக்குள்ள பாடிக்குங்க."

"மனசுக்குள்ள பாடுனா யாருக்குங்க கேக்கும்?"

"ஆண்டவருக்குக் கேக்கும்."

அப்பா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். பிறகு, "சரிங்க ஐயரே. அவருக்கு மட்டும் கேக்கட்டும்" என்றார். அவ்வளவு தாழ்ந்த குரலில் அவர் பேசி அதுவரை நான் கேட்டதில்லை.

ஐயர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். இந்த வயதில் எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. நானும் எத்தனையோ நோயாளிகளிடம் மெதுவாக, மரியாதையாக, காப்பி குடித்துக்கொண்டே கெட்டதைச் சொல்லியிருக்கிறேன். மெதுவாகச் சொன்னால் வலிக்காது என்று சொல்கிறவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

அப்பா பாட்டை நிறுத்திவிட்டார். அந்த ஒரு பாட்டை மட்டும் இல்லை, எல்லாவற்றையும். மதகில் பாடவில்லை. தம்பியைத் தோளில் போட்டுச் சும்மா தட்டினார், அவன் அழுதான். நான் எடுத்துப் பாடிப் பார்த்தேன், என் குரல் அவனுக்குப் போதவில்லை. அம்மா ஜெயித்துவிட்டாள் என்றுதான் சொல்லவேண்டும். வருடக்கணக்காக அவள் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அடுப்படியில் பாடிக்கொண்டே வேலை செய்கிறவள், அவளும் பாடவில்லை. வீட்டில் மழை ஒழுகுகிற சத்தம்தான் கேட்டது.

அப்பாவோடு மதகில் முறை மாற்றிக்கொள்கிற லஸ்கர் ஒரு கூத்தாநல்லூர்க்காரர். பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குப் பெருநாள் வந்தால் அப்பா மதகில் நிற்பார்; எங்களுக்குக் கிறிஸ்மஸ் வந்தால் அவர் நிற்பார். அது யாரும் எழுதிவைக்காத ஏற்பாடு. அவர் ஒருநாள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி, உள்ளே வராமல், அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: அவருக்கு என் மேல் ஏதாவது வருத்தமா, கிறிஸ்மஸுக்கு நீ வரவேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாரே. அம்மாவுக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது. பாடவில்லை என்பதோடு நிற்கவில்லை. பண்டிகைக்குக் கோயிலுக்கே வரப்போவதில்லை. அன்று சாப்பாடு போடும்போது அம்மா கேட்டுப் பார்த்தாள். தண்ணீர் ஏறிக்கிடக்கிற நேரத்தில் மதகை விட்டு வரமுடியாது என்று அப்பா சொன்னார். ஒவ்வொரு வருடமும் தண்ணீர் ஏறித்தான் கிடந்தது.

கச்சேரிக்கும் வரமாட்டேன் என்றார். அம்மா வாதாடவில்லை. கிளம்புகிற நேரத்தில் தம்பியைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டாள். கனக்கிறான், நான் ஒருத்தியாகச் சுமக்க முடியாது என்றாள். அவனுக்கு அப்போது நடக்கவும் ஓடவும் தெரியும். அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு, சபைக்காக வந்து நின்ற டிராக்டரில் ஏறினார்.

மத்தியானச் சாப்பாடு முடித்துக் கிளம்பினோம். டிரெயிலருக்குமேல் தார்ப்பாய் கட்டி, அதற்குள் சபை முழுவதும். நனைந்த வைக்கோல் வாசனையும் மல்லிகைப்பூ வாசனையும் கலந்து அடித்தது. அப்பா பின்கட்டையில் வெளியே பார்த்து உட்கார்ந்திருந்தார்.

அந்தக் கோயிலை இன்றைக்குப் போய்ப் பார்த்தால் இவ்வளவுதானா என்றிருக்கிறது. அன்றைக்கு எனக்கு அதன் கூரை எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. சுவர் அத்தனை தடிமன். ஜன்னல் விளிம்பில் நான் படுத்துத் தூங்கலாம். உள்ளே போனதும் மழை சத்தம் நின்றுவிட்டது, கடல் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்தது. முன்பெஞ்சுகளில் அழைப்பு அட்டை வைத்திருந்தவர்கள். எங்களைக் கடைசிக்கு அனுப்பினார்கள். அதில் அன்று எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பெஞ்சில் உட்காருவதே பெரிதாக இருந்தது. அம்மாவும் நானும் வலது பக்கம் உட்கார்ந்தோம். அப்பா இடது பக்கம், சுவர் ஓரமாக, தம்பியை மடியில் வைத்துக்கொண்டு.

வந்தவர்கள் எல்லோரும் கறுப்பு உடை. ஆண்கள் பின்னால் உயரமாக, பெண்கள் முன்னால். பாட்டுத்தாள் பறக்கும் என்று மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்; பாவம், புழுக்கத்தில் அவர்கள் கழுத்தெல்லாம் சிவந்துபோயிருந்தது. சில பேர் வயலின் வைத்திருந்தார்கள். ஒருவர் ஆள் உயர வயலினைத் தரையில் நிறுத்திக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். முந்நூறு வருடத்துக்கு முந்தைய சங்கீதம், கிறிஸ்மஸுக்காகவே எழுதப்பட்டது என்று யாரோ தமிழில் சொன்னார்கள். பரோக் என்று அதற்கு ஒரு பெயர் இருப்பதெல்லாம் நான் வேலைக்குப் போன பிறகு தெரிந்துகொண்டது.

தொடங்கினார்கள். முதலில் பெண்களில் ஒரு பகுதி பாடியது. அவர்கள் நாலு சொல் போவதற்குள் இன்னொரு பகுதி முதலிலிருந்து ஆரம்பித்தது. அவர்கள் பாதி போகும்போது ஆண்கள். எங்கள் வரிசை பதறிவிட்டது. உபதேசியார் முன்னால் குனிந்து, "தப்பிப்போயிட்டாங்க" என்று மெதுவாகச் சொன்னார். அத்தனை தூரம் கடல் தாண்டி வந்து இப்படி ஆகிவிட்டதே என்று பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். இப்போது நிறுத்துவார்கள், இப்போது நிறுத்துவார்கள் என்று பார்த்தேன். அவர்கள் நிறுத்தவில்லை. ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டு, மேலே போய், கீழே வந்து, முன்னால் போனவர் பின்னால் வந்தவருக்கு வழிவிட்டு, திடீரென்று அத்தனை பேரும் ஒரே சொல்லில் வந்து நின்றார்கள். அந்தச் சொல் சுவரில் பட்டுத் திரும்பி வந்து என் நெஞ்சில் இடித்தது. உபதேசியார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு என்ன பாடினார்கள் என்று எனக்கு வரிசையாகச் சொல்லத் தெரியாது. பயமாக இருந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது. நல்ல பயம். மனிதர்கள் வாயால் இவ்வளவு செய்ய முடியும் என்றால் இத்தனை நாள் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்கிற மாதிரி. அம்மா கொஞ்சம்கூட அசையவில்லை. அவள் கை என் கையைப் பிடித்திருந்தது, அது சில்லிட்டிருந்தது.

ஒரு இடத்தில் எல்லாம் ஓய்ந்தது. ஓட்டம் துரத்தல் எதுவும் இல்லாமல், எல்லோரும் ஒன்றாக, மெதுவாக ஒரு பாட்டை எடுத்தார்கள். பாஷைதான் வேறு. முதல் அடியிலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. நம்ம பாட்டு!

எங்கள் சபையில் ஞானப்பாட்டுக்கு யாரும் உட்கார்ந்திருக்கமாட்டார்கள். சொல்லிவைத்ததுபோல எங்கள் வரிசை முழுக்க எழுந்து நின்றது. நின்றதோடு விட்டோமா? தமிழில் பாடவும் ஆரம்பித்தோம். முன்பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மார்பில் ரிப்பன் குத்திய ஒருவர் ஓடிவந்து உட்காரும்படி சைகை காட்டினார். கச்சேரியில் கேட்கத்தான் வேண்டும், கூடப் பாடக்கூடாது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? ஞானப்பாட்டு என்றால் அது எல்லோருக்கும் பொது. ஐயர் முன்னால் மூன்றாவது பெஞ்சில் இருந்தார். ஒரு நொடி தவித்துவிட்டு அவரும் எழுந்து நின்றார். அதற்காகவே அந்த மனிதரை எனக்குப் பிடிக்கும்.

அம்மா கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள். நானும் அவளோடு பாடினேன். பாடிக்கொண்டே குழுவின் பின்வரிசை ஆண்களைப் பார்த்தபோதுதான் அது காதில் விழுந்தது. பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டு போய்க்கொண்டிருந்தது. நாங்கள் ஏறுகிற இடத்தில் அது படிப்படியாகக் கீழே இறங்கியது. நாங்கள் இழுத்து நிறுத்தும்போது அது நாலு எட்டு நடந்தது. எனக்கு அது தெரியும். அடுத்தது எங்கே போகும் என்பதும் தெரியும். அது என் தம்பியைத் தூங்கவைக்கிற பாட்டு.

திரும்பிப் பார்த்தேன். அப்பா எழுந்து நின்றிருந்தார். வாயை இறுக்கி மூடியிருந்தார். கண் அந்தப் பின்வரிசையைவிட்டு நகரவில்லை. கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அதைத் துடைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. தம்பி அவர் தோளில் அயர்ந்து தூங்கியிருந்தான்.

நான் பாடுவதை நிறுத்தியதால் அம்மா கண்ணைத் திறந்தாள். நான் பார்த்த பக்கம் பார்த்தாள். பிறகு அவளும் நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு அடி போதும். அவள் முகத்தில் அன்று வந்ததை நான் பின்னாளில், இறந்துவிட்டதாக நினைத்த பிள்ளை அழுகிற சத்தத்தைக் கேட்ட தாய்மார்களிடம் மட்டும் பார்த்திருக்கிறேன். நடைபாதைக்கு அந்தப் பக்கம் இருந்த அப்பாவைப் பார்த்து, சத்தம் இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்து, "பாடுங்க" என்றாள்.

அப்பா தலையை இல்லை என்று ஆட்டினார். பாட்டு முடிந்துவிட்டது.

திரும்பி வருகிறபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. மழை விட்டிருந்தது. அப்பாவைப் பார்த்துச் சிரித்த எல்லோரும் டிரெயிலருக்குள்தான் இருந்தார்கள். பொறையாறு தாண்டியதும் அம்மாதான் கேட்டாள், போர்டிங்கில் எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள் என்று.

அப்பா சொன்னார். பிள்ளைகளைக் குரல் பார்த்து நாலு வரிசையாகப் பிரித்தார்களாம். ஒரு வரிசை வேப்பமரத்தடியில் கற்றுக்கொள்ளும், ஒன்று சாப்பாட்டு அறையில், ஒன்று வகுப்பில். அப்பாவுக்கு அப்போதே குரல் உடைந்திருந்ததால் பின்வரிசை, அவர்களுக்குக் கிணற்றடி. கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் நாலையும் ஒன்றாகச் சேர்ப்பேன் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். அதற்குள் ஊரிலிருந்து ஆள் வந்துவிட்டது, தகப்பனார் தவறிவிட்டார் என்று. மூத்த பிள்ளை. வயலுக்குப் போனவர்தான், போர்டிங்குக்குத் திரும்பவில்லை.

"சேத்துப் பாடி நான் கேட்டதே இல்லை. கெணத்தடியில சொல்லிக்குடுத்ததுதான் பாட்டுன்னு நெனச்சிட்டேன்" என்றார்.

அப்பா அதுவரை சொன்னதும் சரியில்லை, ஊர் சொன்னதும் சரியில்லை. அவர் கற்றது பாட்டே இல்லை, அதன் அடிக்குரல். ஊர் நினைத்ததுபோல அது பிசகும் இல்லை. நாலில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இத்தனை வருடம் மீதி மூன்றோடு சண்டை போட்டிருக்கிறார். மீதி மூன்றில் எங்களிடமும் ஒன்றுதான் இருந்தது.

மறுநாள் ஐயர் மறுபடி வந்தார். இந்தத் தடவை காப்பியைத் தொடவில்லை. நாலு குரல் என்று நானும் படித்திருக்கிறேன், ஆனால் நாலில் ஒன்று தனியாக வந்து நின்றால் எப்படி இருக்கும் என்று யோசிக்கவில்லை, எனக்குத் தெரியவில்லை, மன்னிக்கவேண்டும் என்றார்.

"எனக்கே தெரியாதுங்களே ஐயரே" என்றார் அப்பா.

கிறிஸ்மஸுக்குப் பாடவேண்டும் என்று ஐயர் கேட்டார். அப்பா மதகைச் சொன்னார், தண்ணீரைச் சொன்னார். ஐயர் விடவில்லை. கடைசியில் அப்பா உண்மையைச் சொன்னார். "தனியாவே பாடிப் பழகிட்டேங்க. சேந்து பாட வருமான்னு எனக்குப் பயமா இருக்கு." அப்பாவுக்குப் பயம் என்று ஒன்று இருக்கும் என்பதையே நான் அன்றைக்குத்தான் அறிந்தேன். ஐயர் எழுந்து போய்விட்டார். கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் மாலை அப்பா கொங்காணியை எடுத்துக்கொண்டு மதகுக்குக் கிளம்பினார். அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெர்மன்காரர்கள் வரவில்லை. சாலையில் வெள்ளம் ஏறி வண்டி பாதியில் திரும்பிவிட்டது. யாருக்காக அப்பாவை வாய் மூடச் சொன்னார்களோ அவர்கள் எங்கள் ஊரைப் பார்க்கவே இல்லை.

விடியற்காலை ஆராதனை. ஓடு ஒழுகுகிற இடங்களில் பாயைச் சுருட்டிவிட்டு மீதி இடத்தில் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். புதுத்துணி எல்லோருக்கும் உடம்போடு ஒட்டியது. வேதவாசிப்பு முடிகிற நேரத்தில் கதவு திறந்தது. காக்கிச் சட்டை சொட்டச் சொட்ட அப்பா வந்து ஆண்கள் பக்கம் கடைசியில் நின்றார். பாய் இருட்டோடு சைக்கிளை மிதித்து மதகுக்கு வந்திருக்கிறார். வரவேண்டாம் என்று சொன்னேனே என்று அப்பா கேட்டதற்கு, நீ சொல்லிவிட்டால் நம் ஏற்பாடு போய்விடுமா என்று ஷட்டர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு அவரை விரட்டிவிட்டாராம்.

ஐயர் பாட்டின் எண்ணைச் சொன்னார். அதுதான். எழுந்து நின்றோம். வழக்கமாக அந்த நேரம் அப்பா முந்திக்கொள்வார், அன்றைக்கு இல்லை. அம்மா கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டு எடுத்தாள். முதல் சரணம் முழுக்க அப்பா வாயைத் திறக்கவில்லை. சபை பாடிக்கொண்டே அவரைப் பார்த்தது. பாட்டு சுரத்தில்லாமல் போனது. இனி பாடவே மாட்டார் என்று நினைத்துவிட்டேன். அவரோ தலையை ஒருபக்கம் சாய்த்து, அம்மா பக்கமாகக் காதை வைத்துக்கொண்டு நின்றார். மதகில் அடித்தண்ணீர் எப்படிப் போகிறது என்று கேட்பதற்கு அப்படித்தான் நிற்பார். அம்மா எந்தச் சுருதியில் பாடுகிறாள் என்று அவர் அதுவரை ஒருதரம்கூடக் காது கொடுத்துக் கேட்டதில்லை. கேட்க நேரம் ஏது, அவர்தான் முதலில் தொடங்கிவிடுவாரே.

சரணம் முடிந்தது. அடுத்ததை எடுப்பதற்குமுன் வருகிற அந்தச் சின்ன இடைவெளியில் அப்பா அம்மாவைப் பார்த்துக் கேட்டார். மெதுவாகக் கேட்பதாகத்தான் அவருக்கு நினைப்பு. கோயில் முழுக்கக் கேட்டது.

"இத்தனை வருசமா நீ பாடுனது இதுதானா?"

அம்மா ஆமாம் என்று தலையாட்டினாள்.

"நல்லா இருக்கே" என்றார் அப்பா.

ஐயர் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அம்மாவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே ரெண்டாவது சரணத்தை எடுத்தாள். அப்பாவும் கூடவே எடுத்தார். அவர் குரல் அம்மா குரலுக்குக் கீழே போய் உட்கார்ந்தது. சிரித்த கோயில் அப்படியே அடங்கிவிட்டது. ஒருவர் ஒருவராகப் பாடுவதை நிறுத்திக்கொண்டார்கள். உபதேசியார் நிறுத்தினார், ஐயர் நிறுத்தினார். கடைசியில் அப்பாவும் அம்மாவும் மட்டும் பாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இரண்டு பேர் பாட்டும் தெரியும். எதைப் பாடினாலும் இன்னொன்று காதில் குறைந்துவிடும்போல இருந்தது. அதனால் இரண்டு பேருக்கும் நடுவில், மூச்சை அடக்கிக்கொண்டு, சும்மா நின்றேன்.